பலகையில் எழுத ஒரு பேர்

மார்ச் 11

நெட்டை மாமா,

போன் கடைக்கு இனிமேல் நான் போக மாட்டேன். போன தடவை நீங்கள் அந்தப் பக்கம் அழுதீர்கள், நான் இந்தப் பக்கம் கத்தினேன், எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற ஆறு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர் "பரவால்லம்மா, நீங்க போங்க" என்று பணம் வாங்காமல் அனுப்பிவிட்டார். அந்த இரக்கத்தைக் கொண்டுவந்து வீட்டில் நான் எங்கே வைப்பது? அதனால் எழுதுகிறேன். ஐந்தாவதோடு நின்றவள் எழுத்து. தப்பு இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

பாப்பா போய் ஐந்து வாரம் ஆகிறது. வியாழக்கிழமை இடுகாட்டு ஆபீசிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். உங்கள் தம்பிக்கு வேலை, அதனால் நான் தனியாகப் போனேன். ஆபீஸ்காரர் வயதானவர், நல்ல மாதிரி. பெரிய நோட்டைத் திறந்து விரல் வைத்துத் தேடினார்.

"எத்தனாம் நம்பர்மா?"

"இருநூத்திப் பன்னெண்டு."

"பேர் காலியா இருக்கே."

"இன்னும் வைக்கலைங்க."

"வைக்கலையா? பதினாலு மாசம்னு போட்டிருக்கு."

பாப்பாவின் அப்பா வெளிநாட்டிலிருந்து வந்து தூக்கின பிறகுதான் பேர் என்று இருந்தோம், அவர் இன்னும் வரவில்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை, எனக்குத் தெரியும்.

"மே முப்பத்தொண்ணுக்குள்ள ஒரு பேர் கொடுத்துடுங்க. அதுக்கப்புறம் இந்த நோட்டு மேலாபீசுக்குப் போயிடும். காலியா போச்சுன்னா குழி மேல நடுற பலகையில நம்பர்தான். எப்பவும் நம்பர்தான். நான் நினைச்சாலும் மாத்த முடியாது."

லாண்டரியில் ஊரார் வீட்டுப் படுக்கை விரிப்புக்கெல்லாம் நாங்கள் நம்பர் சீட்டு குத்துகிறோம். என் பிள்ளை விரிப்பு இல்லை.

உங்களுக்கு உங்கள் அம்மா பேர். எனக்கு நான் நினைத்து வைத்த பேர். அந்தச் சண்டையை அவள் பிறந்த நாளிலிருந்து போனிலேயே போட்டோம். இப்போது எனக்கு எதுவானாலும் சரி. ஆனால் நீங்களும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் ஒருத்தியாக வைத்தால் அது பாதிப் பேர்.

பேர் மட்டும் எழுதி அனுப்புங்கள். வேறு எதுவும் எழுத வேண்டாம்.


மார்ச் 27

வாயாடி,

உன் கடிதம் முந்தாநாள்தான் கைக்கு வந்தது. கப்பலின் அடிவயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்துத் துரு சுரண்டிக்கொண்டிருந்தேன். காலைப் பிடித்து இழுத்துக் கொடுத்தார்கள். முகமெல்லாம் துருவோடு படித்தேன், அதனால் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

பேர் மட்டும் எழுதச் சொல்கிறாய். இரண்டு நாளாக வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அம்மா பேரை எழுதினேன், அடித்தேன். நீ சொன்ன பேரை எழுதினேன், அதையும் அடித்தேன். முகம் பார்க்காமல் எப்படி வைப்பது என்று அப்போது வீம்பு பேசினேன். இப்போது முகம் இல்லாமலே வைக்க வேண்டியிருக்கிறது.

வேறு எதுவும் எழுதாதே என்றாய். கோபித்துக்கொள்ளாதே, ஒன்றே ஒன்று. இங்கே எங்கள் விடுதிக் கூடத்தில் சுவரில் ஒரே ஒரு போன். ஞாயிறு காலையில் எல்லோரும் வீட்டுக்குப் பேச வரிசையில் நிற்போம். காது கேட்காத ஆள் ஒருத்தருக்காகச் சத்தத்தைக் கூட்டி வைத்து, அப்படியே விட்டுவிட்டார்கள். யார் பேசினாலும் அந்தப் பக்கத்துக் குரல் கூடம் முழுக்கக் கேட்கும். போன ஞாயிறு சிவப்புத் தாடிக்காரன் பேசிக்கொண்டிருந்தான். அவன் பெண்ணுக்கு மூன்று வயது இருக்கும். போன் குழாயிலிருந்து "பாப்பா! பாப்பா!" என்று கூப்பிட்டது. நான் திரும்பிப் பார்த்துவிட்டேன். எல்லோர் முன்னாலும் அந்தப் போனைப் பார்த்து இரண்டடி நடந்துவிட்டேன்.

அவர்கள் பாஷையில் பாப்பா என்றால் அப்பாவாம். அவள் அவனைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

அன்றைக்கு நான் போன் பண்ணாமலே வரிசையிலிருந்து வந்துவிட்டேன். பண்ணினாலும் நீ வந்திருக்க மாட்டாய்.

பேர் யோசிக்கிறேன். கொஞ்சம் பொறு.


ஏப்ரல் 9

நெட்டை மாமா,

பொறுக்கிறேன். எனக்கு வேறு என்ன வேலை.

பேர் கேட்டால் கதை சொல்கிறீர்கள். சின்ன வயதிலிருந்தே உங்களுக்கு இதே பழக்கம் என்று உங்கள் அம்மாவே சொல்வார்கள். அடுப்பில் பால் பொங்குகிறது என்றால் பசுவின் கதையை ஆரம்பிப்பானாம்.

சரி, நானும் ஒரு கதை சொல்கிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, எதிர் வீட்டு அக்காவிடம்கூட.

கடைசி நாள் மத்தியானம் நர்ஸம்மா வந்து பாப்பாவின் கன்னத்தைத் தட்டிப் பார்த்தாள். "பேர் சொல்லிக் கூப்பிடுங்கம்மா. உங்க குரலுக்குக் கண்ணு திறக்கிறாளான்னு பார்ப்போம்" என்றாள். நான் குனிந்து "பாப்பா" என்றேன்.

அந்த வார்டில் பதினெட்டுக் கட்டில், மாமா. இந்தப் பக்கத்துக் கட்டில்காரியும் பாப்பா என்கிறாள், அந்தப் பக்கத்துக் கட்டில்காரியும் பாப்பா என்கிறாள். ஊசி போடுகிறவர் எல்லாக் குழந்தையையும் பாப்பா என்கிறார். தரை துடைக்கிற அம்மா துடைப்பத்தை நிறுத்திவிட்டு "பாப்பாவுக்கு என்ன?" என்று எல்லோரையும் கேட்கிறாள். நர்ஸம்மா "சத்தமா, பேர் சொல்லிக் கூப்பிடுங்க" என்றாள். நான் சத்தமாகக் கூப்பிட்டேன். மூன்று கட்டில் தள்ளி யாரோ பெற்ற ஒரு பெண் குழந்தை தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது.

நம்மவள் பார்க்கவில்லை.

ஒரு பேர் இருந்திருந்தால் அவளுக்கு மட்டும் உறைத்திருக்கும். இழுத்துப் பிடிக்க ஒரு கைப்பிடி இருந்திருக்கும். நீ வந்து தூக்க வேண்டும், நீ முகம் பார்க்க வேண்டும், நீ முதலில் கூப்பிட வேண்டும் என்று எல்லாவற்றையும் உனக்காக எடுத்து வைத்து எடுத்து வைத்து, கடைசியில் கூப்பிட என் வாயில் ஒன்றும் இல்லை.

நீ என்று எழுதிவிட்டேன். அடிக்கவில்லை. இருக்கட்டும்.


ஏப்ரல் 24

வாயாடி,

நீ என்றே எழுது. அதற்கு மேலும் எழுது. எனக்கு அது வேண்டும்.

வார்டில் நடந்ததைப் படித்த நாள் நான் வேலைக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. மூன்றாம் நாள் வாத்தியார் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வாத்தியார் என்றால் நிஜ வாத்தியார். அவர் ஊரில் பள்ளிக்கூடத்தில் பாஷை சொல்லிக்கொடுத்தவர், இங்கே பெயின்ட் கலக்குகிறார். என் படுக்கைக்கு நேர்மேல் படுக்கை அவருடையது. எங்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு உடைந்த பாஷை உண்டு. அதில் அவரிடம் சொன்னேன். என் பிள்ளைக்குப் பேர் இல்லை, பாப்பா என்றுதான் கூப்பிட்டோம், அந்தச் சொல் இந்த விடுதியில் எங்கே பார்த்தாலும் கேட்கிறது, என்னால் தாங்க முடியவில்லை என்றேன்.

அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். மறுநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், நான் சுரண்டி முடித்த இரும்புத் தகட்டில் அந்தச் சொல்லைச் சாக்பீசில் பெரிதாக எழுதி, ஒவ்வொருத்தனாகக் கூப்பிட்டு, "உங்க பாஷையில இது என்ன?" என்று கேட்டார். கொஞ்சம் நீட்டியும் குறுக்கியும் சொல்கிறார்கள், ஆனால் எல்லோரிடமும் இருக்கிறது. சிவப்புத் தாடிக்காரன் அப்பா என்று எழுதினான். மலையிலிருந்து வந்த குள்ளன் உருளைக்கிழங்கு என்றான். உலகத்திலேயே முதன்முதலில் உருளைக்கிழங்கு விளைந்தது அவர்கள் மலையில்தானாம், அந்தப் பேரை வைத்ததும் அவர்கள்தானாம். நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். கடற்கரைப் பையன் ஒருத்தன் சுறா மீன் என்று சொல்லிப் பல்லைக் காட்டினான். இன்னொருத்தன் குழந்தைக்குக் குழைத்து ஊட்டுகிற சாப்பாடு என்றான். சமையல்கட்டில் இருக்கிற அம்மா மட்டும் ஒன்றும் எழுதவில்லை. கையை ஆட்டி "பா பா" என்றாள். அவர்கள் ஊரில் போயிட்டு வரேன் என்பதை அப்படித்தான் சொல்வார்களாம், குழந்தைகள்.

கடைசியாகத் தீவுக்காரப் பெரியவர். அவர் யாரிடமும் பேச மாட்டார். குனிந்து தரையைத் தொட்டார். அவர்கள் பாஷையில் பூமிக்குப் பேர் அதுதானாம். பூமித்தாய். வானம் அவள் புருஷன். இரண்டு பேரையும் பிரித்து வைத்துவிட்டார்கள், மேலே இருந்து அவன் அழுகிறதுதான் மழை என்றார்.

வாத்தியார் சொல்கிறார், இதற்கெல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை உறவும் இல்லை. உருளைக்கிழங்கு ஒரு வேர், பூமி ஒரு வேர். அப்பா, சாப்பாடு என்கிறது மட்டும் குழந்தை வாயிலிருந்து வந்தது. எந்த ஊர்க் குழந்தையும் உதட்டை மூடித் திறந்தால் வருகிற முதல் சத்தம் அதுதான், அது யாரையும் கூப்பிடுவதில்லை. பக்கத்தில் நிற்கிறவர்கள் தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஒரு ஊரில் அப்பன் எடுத்துக்கொண்டான், ஒரு ஊரில் கிண்ணத்தில் இருந்த சாப்பாட்டுக்குக் கொடுத்தார்கள். "உங்க ஊர்க்காரங்கதான் நல்லவங்க. யாரும் எடுத்துக்காம குழந்தைக்கே திருப்பிக் கொடுத்துட்டாங்க" என்றார்.

சாயங்காலம் அந்தத் தகட்டின் மேல் முதல் பூச்சு அடித்துவிட்டோம். எல்லாம் உள்ளே போய்விட்டது. நாளைக்குக் கப்பல் கிளம்புகிறது.

இதை ஏன் உனக்கு எழுதினேன் என்று தெரியவில்லை. உன்னைச் சிரிக்க வைக்க நினைத்தேன் போலிருக்கிறது.


மே 6

மாமா,

லாண்டரியில் இஸ்திரி ரோலர் பக்கத்தில் நின்று படித்தேன். உருளைக்கிழங்கு என்கிற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. எதிரே விரிப்பு மடித்துக்கொண்டிருந்தவள் "என்னடி, வீட்டுக்காரர் லெட்டரா?" என்று கண்ணடித்தாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.

பிறகு ரோலரில் விரிப்பு மாட்டிக் கருகிப் புகை வந்தது. சூப்பர்வைசர் அம்மா ஓடி வந்து சுவிட்சை அணைத்தாள். என்னைத் திட்ட வாயைத் திறந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, கருகின விரிப்பைத் தானே உருவி எடுத்தாள்.

பூமியா, மாமா?

பதினாலு மாதம். காலையில் கண் திறந்ததும் ஒரு தடவை, குளிக்க வைக்கையில் பத்துத் தடவை, தவழ்ந்து வாசல்படி தாண்டுகையில் நூறு தடவை. பூமி பூமி என்று நானே கூப்பிட்டுக் கூப்பிட்டு, இந்தா எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டேனா? உங்கள் வாத்தியார் படித்தவர், ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்பார். எனக்கு அந்தப் படிப்பு இல்லை. எனக்குக் குழியைத்தான் தெரியும். உங்கள் தம்பி அவளைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே குனிந்தபோது அது எவ்வளவு சின்னதாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

இனிமேல் அந்தச் சொல்லை எனக்கு எழுதாதீர்கள்.

எழுத உட்கார்ந்துவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். உங்கள் வீம்பு மட்டும் இல்லை. அவள் பிறந்த நாலாம் நாள் ஆஸ்பத்திரியில் பேர் கேட்டார்கள். நான் நினைத்த பேரை அன்றைக்கே எழுதியிருக்கலாம், நீங்கள் கடல் தாண்டி வந்து அழித்திருக்க முடியாது. நான் எழுதவில்லை. நீங்கள் சொன்னதைக் கேட்டு நடந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பொய். பேர் வைக்காமல் விட்டால், பேருக்காகவாவது சீக்கிரம் கிளம்பி வருவீர்கள் என்று நினைத்தேன். மாடு வருவதற்குப் புல்லுக்கட்டைக் காட்டுகிற மாதிரி அவள் பேரைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நீங்கள்தான் பாவம், கம்பெனிக்காரன் லீவு தரவில்லை. தெரிந்தும் உங்களைப் பேசுகிறேன். யாரையாவது பேசினால்தான் மூச்சு வருகிறது.

மே முப்பத்தொன்றுக்கு இன்னும் இருபத்தைந்து நாள்.


மே 14

வாயாடி,

உன் கடிதம் இந்தத் தடவை சீக்கிரமே வந்துவிட்டது. உடனே எழுதுகிறேன். இல்லாவிட்டால் எழுத மாட்டேன்.

உன்னுடைய புல்லுக்கட்டும் காரணம் இல்லை, அந்தச் சொல்லும் காரணம் இல்லை. எங்கோ ஒரு தீவில் மண்ணுக்கு யாரோ வைத்த பேர் நம் வீட்டுக் கட்டில் வரைக்கும் வராது. அவளுக்கு வந்தது காய்ச்சல்.

நான் வராமல் போனதற்குக் காரணம் என் கையெழுத்து.

கம்பெனிக்காரன் லீவு கொடுத்தான். போன ஆகஸ்டில், வேலையில் ஒரு வருஷம் முடிந்ததும், ஒரு மாதம் முழுசாகக் கொடுத்தான். டிக்கெட் தேதிகூடச் சொன்னான். அவளுக்கு அப்போது எட்டு மாதம். அதே வாரம் மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, லீவு வேண்டாம், இன்னொரு வருஷம் தொடர்ந்து இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டால் உன்னைத்தான் அடுத்த மேஸ்திரி ஆக்குவேன் என்றார். நான் போட்டேன். யோசிக்கக்கூட இல்லை. மேஸ்திரியாகி வந்து அவளைத் தூக்க வேண்டும் என்று இருந்தது. நெட்டையன் சுரண்டப் போனான், மேஸ்திரியாக வந்தான் என்று தெருவில் பேச வேண்டும் என்று இருந்தது. உன்னிடம் போனில் "தர மாட்டேன்னுட்டான்" என்றேன். நீ அன்றைக்கு அவனை என்ன திட்டு திட்டினாய். நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

எட்டு மாதத்தில் வந்திருந்தால் தூக்கியிருப்பேன். பேரும் வந்திருக்கும். வார்டில் நீ கூப்பிட ஒன்று இருந்திருக்கும்.

மேஸ்திரி வேலை இன்னும் வரவில்லை. வந்தாலும் வேண்டாம்.

இதை மறைத்துவிட்டு ஒரு பேரை மட்டும் எழுதி அனுப்ப என்னால் முடியவில்லை. அதனால்தான் இத்தனை நாள் கதை சொல்லிக்கொண்டிருந்தேன்.


மே 22

கடிதம் வந்தது.

படித்தேன்.

பேரை நானே பார்த்துக்கொள்கிறேன்.


மே 29

உனக்கு,

மூன்று வரி. எண்ணிப் பார்த்தேன், ஆறு சொல். மாமா என்று இல்லை, நெட்டை என்றும் இல்லை.

நான் வேலையை விட எழுதிக் கொடுத்துவிட்டேன். மேஸ்திரி பாஸ்போர்ட்டைத் தர இழுத்தடித்தார். வாத்தியாரும் தாடிக்காரனும் இன்னும் நாலு பேரும் என்னோடு அவர் மேஜை முன்னால் வந்து நின்றார்கள். மலைக்காரன் மட்டும் தலைக்கவசத்தைக் கழற்றி மேஜை மேல் வைத்தான். பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது.

ஜூன் பத்தொன்பது காலையில் வந்து சேருகிறேன். நீ கொடுத்த கடைசித் தேதி அதற்கு முன்பே முடிந்துவிடும். நீ என்ன பேர் வைத்திருந்தாலும் அதுதான் அவள் பேர். எனக்குக் கேள்வி கேட்க வாய் இல்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நேராக வீட்டுக்கு வரலாமா, இல்லை தம்பி வீட்டில் இறங்கட்டுமா? ஒரே ஒரு வரி போதும். ஒரு வரியும் வரவில்லை என்றால் தம்பி வீட்டுக்குப் போகிறேன்.


ஜூன் 8

நெட்டை மாமா,

உங்கள் மே பதினாலாம் தேதிக் கடிதத்தை நான் நாலு நாள் அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். வெளியே இருந்தால் கிழித்துவிடுவேன் என்று பயம். எதிர் வீட்டு அக்கா "என்ன, ஊமையாயிட்டே?" என்றாள். அவளிடம் சொல்லவில்லை. உங்களை மற்றவர்கள் திட்டினால் எனக்குப் பிடிக்காது. அது என் வேலை.

முப்பத்தொன்றாம் தேதி அரை நாள் லீவு போட்டுப் போனேன். மதியம், வெயில். ஆபீசுக்குப் போகும் முன்னால் அவளிடம் போனேன். யாரும் இல்லை. நான் நினைத்து வைத்திருந்த பேர் இருக்கிறதே, அதைத்தான் எழுத வேண்டும் என்று வழியெல்லாம் முடிவு பண்ணிக்கொண்டு போனேன். உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் அது இன்னும் நல்ல பேராகத் தெரிந்தது. ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு எழுதுவோம் என்று பலகை முன்னால் உட்கார்ந்து அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

யாரோ பக்கத்துத் தெருப் பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது, மாமா. என் வாய்க்கே கூச்சமாக இருந்தது. இரண்டாவது தடவை சொன்னேன். அந்தப் பேரில் ஒரு பெண் வளர்ந்து, பள்ளிக்கூடம் போய், நல்ல துணி உடுத்தி எங்கோ இருக்கிறாள் போலத் தோன்றியது. அவள் நம்முடையவள் இல்லை.

சரி என்று உங்கள் அம்மா பேரைச் சொல்லிப் பார்த்தேன். உடனே பயம் வந்துவிட்டது. "என்னடி, மாமியார் பேரைச் சொல்லி அதட்டுறே?" என்று அத்தை எழுந்து வந்துவிடுவார்கள் போலிருந்தது. அங்கே உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். தண்ணீர் ஊற்றுகிற ஆள் குடத்தோடு நின்று பார்த்துவிட்டு வேறு வழியாகப் போனான்.

பிறகு தானாக வந்துவிட்டது. இனி எழுதாதே என்று உங்களைத் தடுத்தேனே, அந்தச் சொல். கூப்பிட வேண்டும் என்று கூப்பிடவில்லை. எழுந்திருக்கும்போது கையைத் தரையில் ஊன்றி, "பாப்பா, அம்மா ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன்" என்றேன். அடுப்படிக்குப் போகும்போது சொல்கிற மாதிரி. சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

ஆபீஸ்காரரிடம் அதையே எழுதச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவிட்டார்.

"அம்மா, இது பேர் இல்லையே. பொறக்கிற பிள்ளை எல்லாமே பாப்பாதானே. பின்னாடி யாராவது பார்த்தா எந்தப் பாப்பான்னு எப்படித் தெரியும்?"

"எங்க வீட்டுல ஒருத்திதாங்க."

"நல்லதா ஒரு பேர் யோசிங்க. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு."

"இது நல்ல பேர்தாங்க. ஒரு ஊர்ல இது அப்பா. ஒரு ஊர்ல உருளைக்கிழங்கு. ஒரு ஊர்ல சுறா மீன். ஒரு ஊர்ல பூமி" என்றேன்.

வெயிலில் வந்ததில் எனக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பார். தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். பிறகு என்னவோ தோன்றி, பேனாவைத் திறந்து எழுதிவிட்டார். மண்ணுக்கும் அந்தப் பேர் ஆனால் ஆகட்டும், மாமா. அவள் அங்கேதானே இருக்கிறாள். நான் கூப்பிட்டால் இரண்டு பேரில் ஒருத்திக்காவது கேட்கட்டும்.

பேருக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. இன்னார் மகள் என்று போட வேண்டுமாம். "அப்பா பேர் சொல்லுங்க" என்றார். உங்கள் பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. ஆகஸ்டில் டிக்கெட் தேதி சொன்னானே, அந்தத் தேதி என்னவாக இருந்திருக்கும் என்றே மனது ஓடியது. அந்த மாதம்தான் அவள் உட்காரப் பழகினாள். ஆடி ஆடி உட்கார்ந்து, விழுந்து, கையைத் தட்டுவாள். ஆபீஸ்காரர் காத்திருந்து பார்த்தார். "இந்த வரிக்கு அவசரமில்லைம்மா. அப்புறம் வந்து எழுதினாலும் சேர்த்துக்குவோம்" என்றார். காலியாகத்தான் இருக்கிறது. நான் எழுதப் போவதில்லை. அழிக்கவும் மாட்டேன்.

தம்பி வீட்டில் இறங்க வேண்டாம். நம் வீட்டுக்கு வாருங்கள். மன்னித்தேன் என்று இரண்டு தாளில் எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். மன்னிக்கவில்லை என்றும் எழுதினேன், அதையும் கிழித்தேன். வாருங்கள், சாப்பிடுங்கள், படுங்கள். திட்டுவேன். பதிலுக்குக் கதை சொல்லக் கூடாது.

மறுநாள் உங்களை அவளிடம் கூட்டிக்கொண்டு போகிறேன். அதை நினைத்துத்தான் எனக்கு இந்த ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. அவளுக்கு உங்கள் முகம் தெரியாது. போன் கடையில் குழாயைக் காதில் வைத்தால் உங்கள் சத்தம் வரும், அவள் குழாயைத் திருப்பி ஓட்டைக்குள் பார்ப்பாள், பிறகு கடிப்பாள். அவ்வளவுதான் அவளுக்கு நீங்கள். புது ஆள் யார் வந்தாலும் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். இன்னார் வந்திருக்காங்க, பாரு என்று நான் காதில் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்ப்பாள். நான் சொல்லாமல் யாரிடமும் போக மாட்டாள்.

நீங்கள் வந்து அவள் முன்னால் நிற்கும்போது, யார் வந்திருக்கிறார்கள் என்று அவளிடம் நான் என்ன சொல்லட்டும்?